ஓநாயின் முழங்கால்

என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் ஓநாய்ச் சித்திரம் வரைந்து கொண்டுவந்தான். பின்னங்காலின் மடிப்புப் பின்புறம் நோக்கியிருந்தது. "முழங்கால் இப்படியா திரும்பும், தம்பி?" என்று கேட்டுச் சிவப்பு மசியால் திருத்தியும் விட்டேன். தவறு அவனுடையதன்று, என்னுடையது.

எர்னஸ்ட் தாம்ஸன் ஸீட்டன் என்ற ஓவியர் பாரிஸ் மிருகக் காட்சிசாலையில் உறங்கும் ஓநாயைப் பார்த்துத் தீட்டிய படம், 1891-ல் அந்நகரின் ஸலோன் கண்காட்சியில் இடம் பெற்றது. தோலுக்குள் மறைந்த எலும்பையும் தசையையும் ஓவியர்களுக்கென விளக்கி அவர் இயற்றிய நூல் 1896-ல் வெளிவந்தது. இத்துறையில் இறங்குவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நாம் முழங்கால் என்று கருதும் அம்மடிப்பு உண்மையில் குதிகால்! ஓநாய் விரல்களை மட்டுமே ஊன்றி நடக்கிறது. மெய்யான முழங்கால் வயிற்றோரமாக ரோமத்துள் ஒளிந்து, நம்முடையதைப் போலவே முன்னோக்கியிருக்கிறது.

பிறகு நாயைக் காகிதத்தினின்று துரத்த வேண்டும், அதுவே கடினம். மார்பு ஒடுங்கி ஆழ்ந்திருக்கும், கால்கள் நெடியவை, வாலைச் சுருட்டலாகாது. தோள் எலும்பு மார்புக்கூட்டுடன் மூட்டால் பிணையாமல் தசைகளாலேயே தாங்கப்படுவதால், நடக்கையில் தோள் ஏறி இறங்கும்.

இவற்றையெல்லாம் படித்தபின் அவனுடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அடுத்த பக்கத்தில் ஓநாயை மறுபடியும் வெகு சிரத்தையுடன் வரைந்திருந்தான், என் திருத்தத்தின்படியே.