உங்களுக்குத் தெரியுமா? ஹெராயின் ஒரு காலத்தில் இருமல் மருந்து!

லண்டனில் 1874-இல் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் மார்ஃபினிலிருந்து இதை முதலில் தயாரித்தார். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ‘ஹெராயின்’ என்று பெயர் சூட்டி இருமலுக்கு விற்கத் தொடங்கியது. மார்ஃபின் போல அடிமையாக்காது என்ற நம்பிக்கை வேறு! உடம்புக்குள் போனதும் அது மார்ஃபினாகவே மாறிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. மூளையை இன்னும் வேகமாக எட்டுகிறது, அவ்வளவே. அமெரிக்கா 1924-இல் தடை போட்டது.

நம் ஊரில் ‘பிரவுன் சுகர்’ என்று புழங்குவது இதன் கலப்பட வடிவம். இருமலை அடக்கும் கையோடு, மூச்சை இயக்கும் மூளைத்தண்டையும் இது மந்தமாக்கும். அளவு மீறினால் கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், உதடு நீலம் பாயும், மூச்சு நின்றுபோகும். பலரும் அறியாதது இது: சில வாரம் விட்டிருந்தவர் மறுபடி பழைய அளவையே எடுப்பதுதான் மிக ஆபத்து. உடல் பழகிவைத்திருந்த தாங்குசக்தி அதற்குள் போயிருக்கும்.

இப்படி மூச்சு அடங்கியவருக்கு நலாக்சோன் என்ற மருந்தை உடனே கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வீரியம் 30 முதல் 90 நிமிடம்தான். கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது. மயக்கம் மறுபடி வரலாம்.