நொச்சியை அறிவீரோ?

தன் வீட்டுப் பிள்ளையைத் தனக்கு அயலார் அடையாளம் காட்டும்படி நேர்வது ஒருவனுக்கு எவ்வளவு வெட்கம்! சில தினங்களுக்கு முன் ஒத்தக்கடையில் நமக்கு அந்நிலை நேர்ந்தது.

யானைமலைக்கு அருகே ஒரு கண்மாய்க்கரையில் இயந்திரமொன்று புதர்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. சீமைக் கருவேலை அகற்றுவதாகச் சொன்னார்கள். நல்ல காரியமே. ஆனால் குவியலிலே முள்ளில்லாத செடியொன்றும் நீலப் பூவோடு வாடிக் கிடந்தது. அது யாதென்று வினவினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, "நொச்சிங்க ஐயா; காய்ச்சலுக்கு இதைப் போட்டுத்தானே வேது பிடிக்கிறோம்?" என்றார். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் டாஃபடில் மலரின் அழகை மனப்பாடம் செய்த நமக்கு, நம் கண்மாய்க்கரை நொச்சியைத் தெரியவில்லை!

அதன் அடையாளங்களை இப்போது அறிந்துகொண்டோம்; நேயர்களுக்கும் சொல்லுகிறோம். ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஈரம் தங்கும் தரையிலும் இது செழித்து வளரும். இளங்கொம்பு நான்கு பட்டையாயிருக்கும். இலைகள் எதிரெதிராக நிற்கும்; ஒவ்வோர் இலையும் விரித்த கைபோல ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்; சில வேளை மூன்றே இருப்பதும் உண்டு. மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. கிளை நுனியில் சிறு நீலப் பூக்கள் கொத்தாய் மலரும். இலையைக் கசக்கி முகர்ந்தால் காரமான மணம் வீசும், அதன்பின் ஐயமிராது.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நீர்நொச்சி இதன் இனமே. அதன் சிற்றிலைகள் பெரும்பாலும் மூன்று, காம்பின்றி ஒட்டியிருக்கும். கருநொச்சி என வழங்கும் செடியோ வேறு குடும்பம். அதன் இலை பிரிவுபடாத நீண்ட ஒற்றையிலை. கரையோரங்களில் பெருகிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு அமெரிக்காவினின்று வந்தது; புனல் போன்ற இளஞ்சிவப்புப் பூவும், ஒடித்தால் வடியும் பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

நொச்சியின் பெருமை சிறிதன்று. மதில் காக்கும் வீரர் சூடியது இப்பூவே. அப்போருக்கு நொச்சித் திணை என்றே புறப்பொருள் வெண்பாமாலை பெயரிடுகிறது. உழவர் இதன் தழையைத் தானியத்தில் இட்டுப் பூச்சியை விலக்கினர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரிலுள்ள 'நெகுண்டோ' என்பது, நிர்க்குண்டி என்னும் நம் நாட்டுப் பெயரின் திரிபே. இலை ஒத்திருந்ததால் வட அமெரிக்க மேப்பிள் மரம் ஒன்றுக்கும் அப்பெயரே வாய்த்தது. அயல்நாட்டு மரத்துக்குப் பெயர் ஈந்த செடி, சொந்த ஊரில் பெயரறியாப் புதராய்ப் பெயர்க்கப்படுகிறது!

சீமைக் கருவேலை நீர்நிலைகளினின்று அகற்றும்படி 2017-ல் உத்தரவு பிறப்பித்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இருப்பதும் ஒத்தக்கடைப் பக்கத்திலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு கொணரப்பட்ட அம்மரத்தின்பால் நமக்கு இரக்கமில்லை. ஆயினும் நியாயஸ்தலத்தில் குற்றவாளியை ஆளறிந்து காட்டாமல் தண்டிக்க முடியுமா? அருகில் நின்றவனையும் சேர்த்துத் தண்டிப்பது எந்தச் சட்டம்? கரை மண்ணைத் தன் வேரால் பிடித்து நிற்கும் நொச்சியைப் பெயர்த்தால், மழைக்காலத்தில் நஷ்டம் கரைக்கே.

ஆகையால் இயந்திரத்தை இறக்குமுன், ஊரிலே செடியறிந்த முதியவர் ஒருவரைக் கரை நெடுக அழைத்துச் சென்று, விடவேண்டியவற்றுக்கு அடையாளத் துணி கட்டிவிடுவது அவசியம். செலவு ஒருநாள் கூலி. பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அனுப்பினால் அடுத்த தலைமுறைக்கு நம்முடைய வெட்கம் நேராது. பெயர்த்துவிட்ட இடங்களில் கொம்பை ஒடித்து ஈர மண்ணில் நட்டாலும் நொச்சி துளிர்க்கும். அது நம்மிடம் கேட்பது, நாம் அதனை அடையாளம் கண்டுகொள்வது ஒன்றே.