கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மிதிவண்டிப் பயணம்

கேவலாதேவ் தேசியப் பூங்கா இராசத்தான் மாநிலத்தின் பரத்பூர் நகரை ஒட்டி, ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. இதன் பரப்பளவு சுமார் 29 சதுர கி.மீ. மட்டுமே. ஆயினும் 350க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. இந்தியாவில் மிதிவண்டியில் சென்று காட்டுயிர்களைக் காண்பதற்கு அனுமதியுள்ள சில தேசியப் பூங்காக்களுள் இதுவும் ஒன்று. புலி, யானை போன்ற பெருவிலங்குகள் இங்கு இல்லாததும், நிலம் முழுவதும் சமதளமாக இருப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

மனிதர் உருவாக்கிய ஈரநிலம்

இப்பகுதி இயற்கையாகவே ஒரு தாழ்நிலம். 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ் மல் மன்னர், கம்பீர், பாணகங்கை ஆறுகளின் வெள்ளத்தைத் தடுக்க அஜான் அணைக்கரையை எழுப்பினார். பின்னர் அந்த அணையின் நீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்து, மண்கரைகளாலும் மதகுகளாலும் தாழ்நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, வாத்து வேட்டைக்கான களமாக மாற்றினர். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. இத்தகைய வேட்டைக் கணக்குகள் பொறித்த கல்வெட்டுகளைப் பூங்காவின் நடுவிலுள்ள கேவலாதேவ் சிவன் கோயில் அருகே இன்றும் காணலாம்.

1981இல் இப்பகுதி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1982இல் தேசியப் பூங்காவாகவும் 1985இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் ஆனது.

பயணப் பாதையும் நிலத்தோற்றங்களும்

நுழைவாயிலில் மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. மிதிக்க இயலாதோர் மிதி ரிக்சாவில் செல்லலாம். அவற்றை ஓட்டுவோரில் பலர் பறவைகளை இனங்காணப் பயிற்சி பெற்றவர்கள். பயணிகளின் பெட்ரோல், டீசல் ஊர்திகளுக்குப் பறவைகள் வாழும் உட்பகுதியில் இடமில்லை.

பாதையின் தொடக்கத்தில் இருபுறமும் உலர்ந்த புதர்க்காடு இருக்கும். இங்குப் புள்ளி ஆந்தை, மயில், நரி, நீலான் ஆகியவற்றைக் காணலாம். சற்றுத் தொலைவு சென்றதும் காடு விலகி, சாலையின் இருபுறமும் நீர் விரிகிறது. நீரில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகியவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மிதக்கும் இலைகளின் மேல் இலைக்கோழி நடக்கும். நாணல் ஓரங்களில் தாழைக்கோழி மேயும். கோயிலுக்கு அப்பால் பிரியும் மண்பாதைகள் புல்வெளிகளுக்கும் உவர்நிலத் திட்டுகளுக்கும் இட்டுச் செல்கின்றன. புள்ளிமான், கடமான், சாரசு கொக்கு இணை ஆகியவற்றை அங்குத் தேடலாம். குளிர்கால நண்பகலில் முள்ளம்பன்றி வளைகளின் வாயிலில் மலைப்பாம்புகள் வெயில் காய்வதும் உண்டு.

அரை நாளிலேயே புதர்க்காடு, நீர்நிலை, புல்வெளி, உவர்நிலம் என நான்கு வகை நிலங்களைக் கடந்துவிடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிலம் சில அடிகளே ஏறி இறங்குகிறது. எங்கு நீர் தேங்குகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்பதே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஒளிப்படம் எடுத்தல்

மிதிவண்டியில் இயந்திர ஒலி இல்லை. நடப்பதைவிடக் கூடுதல் தொலைவும் செல்லலாம். எனினும் பறவைக்கு நேர் எதிரே சட்டென நிறுத்தி இறங்கினால் அது பறந்துவிடும். சற்று முன்பே வேகத்தைக் குறைத்து, சில அடிகள் தள்ளி நின்று, அது இயல்பு நிலைக்குத் திரும்பும்வரை காத்திருப்பது நல்லது. காலையில் சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் இறகின் நிறங்கள் தெளிவாகப் பதியும். பறக்கும் பறவைக்கு நொடியில் 1/1000 பங்கு அல்லது அதைவிடக் குறைந்த ஒளிபடு நேரம் தேவை. திசம்பர், சனவரி மாதங்களில் காலை மூடுபனி நெடுநேரம் நீடிக்கக்கூடும்.

ஆந்தைகள் மீது மின்னொளி பாய்ச்சுதல், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைத்தல், கூடுகளையும் பாம்பு வளைகளையும் நெருங்குதல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். கூட்டிலிருந்து தாய்ப்பறவை விரட்டப்பட்டால் குஞ்சுகள் வெயிலுக்கும் காக்கைகளுக்கும் இரையாகும்.

ஏற்ற காலம்

நல்ல மழை பெய்த ஆண்டில் ஆகத்து முதல் நவம்பர் வரை நாரைகளின் இனப்பெருக்கத்தைக் காணலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து முதலிய வலசைப் பறவைகள் தங்குகின்றன.

நீரும் எதிர்காலமும்

1960களில் ஏறத்தாழ 200 சைபீரியக் கொக்குகள் இங்குக் குளிர்காலத்தைக் கழித்தன. 2001-02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டுமே வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டை இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

பூங்காவுக்குள்ளும் சிக்கல்கள் எழுந்தன. 1982இல் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டபோது ஏற்பட்ட மோதலில் கிராம மக்கள் சிலர் உயிரிழந்தனர். ஆனால் எருமைகள் மேயாததால் நீர்ப்புல் அடர்ந்து, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. பறவைகளைக் காக்க விதித்த தடையே அவற்றின் வாழிடத்தைக் குறைத்தது. பின்னர் உலர்நிலத்தில் பரவிய சீமைக்கருவேலத்தை அகற்றும் பணியில் சுற்றுப்புறக் கிராம மக்கள் ஈடுபடுத்தப்பட்டனர். வெட்டிய மரத்தை அவர்களே எடுத்துக்கொண்டனர்.

பூங்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 550 மில்லியன் கன அடி நீர் தேவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை கட்டப்பட்டபின் வரத்து குறைந்தது. உழவர்களுக்கும் அதே நீர் தேவை என்பதால், வறட்சி ஆண்டுகளில் பகிர்வு பெரும் பூசலானது. ஆழ்துளைக் கிணறுகள் ஓரளவே உதவின. ஆற்றுவெள்ளம் கொண்டுவரும் மீன்குஞ்சுகளே நாரைகளின் உணவுக்கு ஆதாரம். நிலத்தடி நீரில் அவை வருவதில்லை. பின்னாளில் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவரப்பட்டது. பேராபத்துக்குள்ளான ராம்சர் ஈரநிலங்களைப் பட்டியலிடும் மான்ட்ரோ பதிவேட்டில் இப்பூங்கா 1990இல் சேர்க்கப்பட்டது.

ஆகவே இங்கு மிதிவண்டியில் செல்வோர், பறவைகளோடு மதகுகளையும் நீர்மட்டத்தையும் கவனிப்பது பயனுள்ளது. கரையோரக் கருவேல மரங்களில் கூடுகள் நிறைந்திருந்தால், அவ்வாண்டு நீர் போதிய அளவு வந்துள்ளது என்று பொருள்.