ஆளுக்கு ஒரு வெற்றி, ஆனால் இருவருக்குத்தான் இடம்: பாடாங் திடலில் ஒரு முத்தரப்புப் போட்டி



உயர்நிலை இரண்டு மாணவர்களிடம் ஒருநாள், "ஜெயசூர்யா உலகச் சாதனை படைத்த ஓர் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா?" என்று கேட்டேன். கொழும்பு, மும்பை, லண்டன் என்று பதில்கள் வந்தன. "நீங்க பஸ்ஸில் போகும்போது பார்ப்பீங்களே, அந்தப் பாடாங் திடல்தான்" என்றதும், "சும்மா சொல்றீங்க சார்!" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இந்தப் பாடத்தின் தொடக்கம்.

1996 ஏப்ரலில் சிங்கர் கிண்ண ஒருநாள் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை என மூன்று அணிகள். இலங்கை உலகக் கிண்ணத்தை வென்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி பாகிஸ்தானுக்கு எதிராக ஜெயசூர்யா 48 பந்துகளில் சதம் அடித்தார். அதற்கு முன்பு அசாருதீன் 1988இல் 62 பந்துகளில் அடித்ததே சாதனை. ஜெயசூர்யா 65 பந்துகளில் 134 ஓட்டம் எடுத்தார். அதில் 11 சிக்ஸர்கள். இலங்கை 349, பாகிஸ்தான் 315. இலங்கைக்கு 34 ஓட்ட வெற்றி.

அடுத்து இந்தியா இலங்கையை 12 ஓட்டத்தில் வென்றது. மூன்றாவது, மழையால் சுருங்கிய ஆட்டம். டெண்டுல்கர் சதம் அடித்தும், பாகிஸ்தான் இந்தியாவை 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆக, மூன்று அணிக்கும் ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. புள்ளிகளும் சமம். இறுதியாட்டத்திலோ இரண்டு இடம்தான். யாரை வீட்டுக்கு அனுப்புவது?

இங்கேதான் ஓட்ட விகிதம் வருகிறது. இன்று பின்பற்றப்படும் நிகர ஓட்ட விகிதக் கணக்கு எளிமையானது. ஓர் அணி ஓர் ஓவருக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் எடுத்தது, எத்தனை ஓட்டம் கொடுத்தது என்று பார்த்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். ஒரு விதியை மட்டும் மாணவர்கள் மறந்துவிடுவார்கள். 30 ஓவரில் 150 ஓட்டத்துக்கு எல்லாரும் ஆட்டமிழந்தால், 30ஆல் வகுக்கக் கூடாது. முழு 50ஆல் வகுக்க வேண்டும். அப்படியானால் விகிதம் 5 அல்ல, 3தான்.

இந்தக் கணக்கை இலங்கைக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றில் 34 ஓட்டம் கூடுதல், மற்றொன்றில் 12 ஓட்டம் குறைவு. மிச்சம் 22. இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து 100 ஓவர். எனவே விகிதம் +0.22. இந்தியாவோ 12 ஓட்டத்தில் வென்று, பாகிஸ்தானிடம் ஓவர்கள் மீதமிருக்கும்போதே தோற்றது. ஆகவே ஓட்ட விகிதத்தில் பின்தங்கி வெளியேறியது.

"இது அநியாயம் சார், இலங்கையை இந்தியாதானே ஜெயிச்சுது?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "அநியாயம்னு நினைக்கிறவங்க இந்தப் பக்கம், நியாயம்னு நினைக்கிறவங்க அந்தப் பக்கம்" என்று வகுப்பைப் பிரித்தேன். வழக்கமாக வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் இரண்டு வரிக்கு மேல் பேசாதவர்கள்கூட 'ஏனென்றால்', 'இருந்தாலும்', 'அப்படிப் பார்த்தால்' என்று தாங்களாகவே வாதத்தைக் கோத்துக்கொண்டு போனார்கள். இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டுக் கற்பித்தபோது எனக்குக் கிடைக்காத பலன் இது.

இறுதியாட்டத்தையும் சொல்லாமல் விடாதீர்கள். பாகிஸ்தான் 215. ஜெயசூர்யா 17 பந்துகளில் அரைச்சதம், அதுவும் சாதனை. முதல் விக்கெட் விழுந்தபோது இலங்கை 70. ஆட்டமிழந்த களுவிதாரணவின் கணக்கிலோ சுழியம்! ஜெயசூர்யா 28 பந்துகளில் 76 எடுத்து வெளியேறிய பிறகு, அணி 172இல் சுருண்டது. கிண்ணம் பாகிஸ்தானுக்கு.

கருத்தறிதலுக்கு நான் கொடுத்த கடைசிக் கேள்வி இதுதான்: "இத்தனை அடித்தும் இலங்கை தோற்றது ஏன்?" விடையை வரியில் தேட முடியாது; எண்களைப் படித்து ஊகிக்க வேண்டும். ஊகித்து விடை எழுத நம் மாணவர்கள் தடுமாறுவதை நாம் அறிவோம். அவர்கள் தினமும் கடந்துபோகும் இடத்திலிருந்தே அந்தப் பயிற்சியைத் தொடங்கலாமே. உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். மாணவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எழுதுங்கள்.