சிலந்திக் கதைகள் கடல் கடந்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆபிரிக்க நாட்டுக் கதையொன்றைச் சொல்லி முடித்தேன். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இவன் ஏமாற்றுக்காரன் அல்லவா? இவனை ஏன் கதைத் தலைவன் ஆக்கினார்கள்?" என்று வினாவினான். அவ்வேளையில் மணி அடித்தது. என் நற்காலம் என்றே கொண்டேன். நீதி புகட்டாத கதையை வகுப்பறைக்குக் கொணர்ந்த ஆசிரியனுக்கு அது எளிய வினா அன்று. விடை தேடப் புகுந்து யான் அறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

1957ஆம் ஆண்டு வரை பொற்கரை என வழங்கிய கானா நாட்டின் தென்பாகத்தில் வாழ்வோர் அக்கான் மக்கள். அசாந்தியர் அவருள் ஒரு பிரிவினர். அவர்தம் துவி மொழியில் அனான்சே என்பது சிலந்தி. கதைகளில் அதன் பெயர் குவாக்கு அனான்சே. புதன்கிழமை பிறந்தவன் என்பது முதற்சொல்லின் பொருள். பிறந்த கிழமையாற் பிள்ளைக்குப் பெயரிடுதல் அம்மக்களின் மரபு. சிலந்தி வாராத கதைக்குங்கூட அங்கே சிலந்திக் கதை என்பதே பெயர். அப்பெயர் வந்தமைக்கும் ஒரு கதை உண்டு. றாட்றே என்னும் பிரித்தானிய அறிஞர் 1930இல் வெளியிட்ட தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது.

கதைகள் யாவும் முற்காலத்தில் வானக் கடவுளாகிய நியாமேயிடம் இருந்தனவாம். பெருநகரங்கள் வந்து கேட்டும் விலை கொடுக்க இயலாது மீண்டன. சிறு சிலந்தி சென்று கேட்டது. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், காட்டுக் குறளி ஆகியவற்றைப் பிடித்து வருக என்றார் நியாமே. அனான்சே மனைவி ஆசோவிடம் யோசனை கேட்டான். ஒரு கழியை எடுத்து, 'பாம்பு இதனினும் நீளமா, குறைவா' என்று பாம்பின் செவி கேட்க இருவரும் வழக்காடினர். பாம்பு தானே வந்து கழியோடு நீட்டிப் படுத்தது, கட்டிவிட்டான். குளவிகள்மேல் நீர் தெளித்து, தன் தலையில் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு, 'மழை வந்துவிட்டது, இச்சுரைக்குடுக்கையுட் புகுங்கள்' என்றான். சிறுத்தைக்குக் குழி. குறளிக்கோ, பிசின் பூசிய மரப்பாவை ஒன்றின் கையில் கிழங்கு மசியல் வைத்தான். உண்ட குறளி நன்றி கூறிற்று. பாவை வாய் திறக்கவில்லை. சினந்து அறைந்தது, கை ஒட்டிற்று. மற்றைக் கையும் காலும் அவ்வாறே.

நம் நாட்டார் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். பாளி மொழிச் சாதகக் கதைகளில் 55ஆவதாகிய பஞ்சாவுத சாதகத்தில், ஒட்டும் மயிருடைய இயக்கனோடு பொருத இளவரசனின் படைக்கலங்களும் கைகால்களும் தலையும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கின்றன. இரண்டிற்கும் உறவு உண்டென்ற அறிஞரும் உளர்; மறுத்தோரும் உளர். அமெரிக்க நீக்ரோ மக்களிடையே பாவையில் ஒட்டிக்கொள்வது முயல். ஹரிஸ் என்பவர் 1880இல் அதனை அச்சேற்றினார்.

பொற்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் கையில் ஒன்றும் கொண்டு செல்லவில்லை. யமேக்காவில் அவர்களைக் கொரமாந்தியர் என்றனர். (அது கொர்மந்தீன் என்னும் கோட்டையாற் பெற்ற பெயர், சோழமண்டலக் கரையோடு தொடர்பில்லாதது.) பெயரும் தெய்வமும் மாறின, மொழியும் சிதைந்தது, சிலந்தி மட்டும் அனான்சி என்ற பெயரோடு பிழைத்தது. சுரினாமில் இழவு வீட்டுக் கண்விழிப்பில் அக்கதைகள் சொல்லப்பட்டன. தென் கரோலைனாப் பகுதியில் அப்பெயர் 'நான்சி அத்தை' எனத் திரிந்து, சிலந்தியே பெண்ணாயிற்று!

யமேக்காக் கதைகளில் அனான்சிக்குப் பகை புலி. அத்தீவிற் புலி இல்லை. ஆயினும் வலியும் பசியும் அதிகாரமும் உடைய ஒருவன் ஒவ்வொரு கரும்புத் தோட்டத்திலும் இருந்தான். கேட்டோருக்கு விளக்கம் வேண்டியதில்லை. புலியை ஏமாற்றி அதன் முதுகிற் சேணமிட்டு அனான்சி ஏறிச் செல்லும் கதையை, 1838இல் முழு விடுதலை பெறும்வரை அடிமைகளாயிருந்தோர் என்ன மனத்தோடு கேட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் அனான்சியை விடுதலை வீரன் ஆக்கிவிடுதல் பொருந்தாது. தன் பிள்ளைகளின் உணவையே பறித்து உண்பவன் அவன். அம்மக்கள் அதனை மறைத்தாரல்லர். அசாந்தியர் கதை தொடங்குமுன், தாம் சொல்லப்போவதை மெய்யென்று கொள்ளற்க என்று கூறுவர். யமேக்காக் கதைசொல்லியும் முடிவில், இக்கதைக்கு நான் பொறுப்பல்லேன் எனப் பொருள்படும் ஒரு வாய்பாட்டைச் சொல்லியே எழுவான். எளியவன் பிழைத்த வகையைச் சொன்னேன், பின்பற்றுக என்றேன் அல்லேன் என்பதே அவர் நிலை. அடுத்த நாள் அச்சிறுவனிடம் இதைத்தான் கூறினேன். அவன் முழுதும் இசைந்தானல்லன்.

அச்சிற் கெடுவது ஒன்றுண்டு. அக்கான் மரபிற் கேட்போர் இடைமறித்துப் பாடுவர். கதை நின்று, பாட்டு முடிந்தபின் தொடரும். கானாவின் நாடக ஆசிரியை எபுவா சதர்லாண்ட் (1924–1996), எக்கும்பி அட்வியா என்னும் சிற்றூரிற் கதைவீடு ஒன்று அமையச் செய்ததோடு, அப்பாட்டு முறையைத் தம் நாடகத்திலும் கையாண்டார். நானும் இப்பொழுது சிலந்திக் கதை சொல்லுங்கால் மாணாக்கரை இடையிடையே பாட விடுகின்றேன். அயல் வகுப்பு ஆசிரியர் இரண்டொரு முறை வாயிலில் வந்து பார்த்துச் சென்றதுண்டு.