வக்கீல் கேட்கும் புதிய கேள்வி

பாக்கி வசூலுக்காக வக்கீல் ஆபீஸ் படி ஏறாத வியாபாரி நம்மில் மிகவும் குறைவு. முன்பெல்லாம் தம்பு செட்டித் தெருவுக்குப் போனால் மாடி அறையின் நான்கு சுவர்களிலும் தடித்த சட்டப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். ஜூனியர் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, பக்கம் புரட்டிக் கொண்டிருப்பார். வாசலில் டைப்ரைட்டர் சத்தம். குமாஸ்தா கையில் நாடா கட்டிய கட்டுகள். வக்கீல் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "சிட்டை இருக்கிறதா, பேரேட்டைக் கொண்டு வந்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும்.

இன்று அதே வக்கீல் கேட்பது வேறு. "அண்ணாச்சி, அந்த மெசேஜ் எந்த போனில் வந்தது? அந்த போன் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு தடவை பதில் இல்லாமல் போயிற்று. அதனால் ஏற்பட்ட நஷ்டத்தைப் பின்னால் சொல்கிறோம். முதலில், வக்கீல்களின் தொழிலில் என்ன மாறியிருக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

புத்தக அலமாரி பெரும்பாலும் அலங்காரமாகிவிட்டது. மனுபத்ரா, எஸ்.சி.சி. ஆன்லைன் போன்ற கட்டணச் சேவைகளில் தீர்ப்புகளை நொடியில் தேடி எடுக்கிறார்கள். 2008இல் வந்த இந்தியன் கானூன் என்ற தளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரு ஜூனியர் இரண்டு நாள் தேடியது இப்போது ஒரு காபி ஆறுவதற்குள் கிடைக்கிறது. (பீஸ் மட்டும் ஆறவில்லை. அது வேறு விஷயம்.) 2020இல் ஊரடங்கு வந்ததும் நீதிமன்றங்கள் காணொலி வழியாக விசாரிக்கத் தொடங்கின. அதன் பிறகு அந்தப் பழக்கம் முழுவதுமாக மறையவில்லை. வழக்கைக் கணினி வழியே தாக்கல் செய்யும் முறையும் வந்துள்ளது. கீழ் நீதிமன்றங்களில் அதைக் கட்டாயமாக்க முற்பட்டபோது, வசதிகள் போதவில்லை என்று வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும் பார்த்தோம்.

நமக்கு நேரடியாகப் பயன்படுவது வாய்தா விவரம். 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின்படி ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. தமிழ்நாட்டுக் கீழ் நீதிமன்ற வழக்கென்றால் டி.என். என்ற எழுத்துகளில் தொடங்கும். 2017 முதல் இதற்கென்று ஒரு கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. அதில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது, எந்த நீதிபதி முன் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். முன்பு ஒரு தேதி தெரிந்துகொள்ளக் கணக்குப்பிள்ளையைத் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு பஸ் ஏற்றி அனுப்புவோம். அவர் குமாஸ்தாவைத் தேடிப் பிடித்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் வியாபாரம் போய்விடும். வழக்குப் போட்டிருக்கும் நம்மவர்கள் இன்றே வக்கீலிடம் இந்த எண்ணை வாங்கிக் கடை டைரியில் எழுதி வைத்துக் கொள்ளவும். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இனி நம் கதை. 2019இல் ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் பருப்பும் எண்ணெயும் கடனுக்குக் கொடுத்து வந்தோம். பாக்கி 2,86,000 ரூபாய் ஆனது. அவர் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பியது. மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதையெல்லாம் முறையாகவே செய்தோம். எதிர்த்தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அது ஈட்டுக்காகக் கொடுத்த வெற்றுக் காசோலை. சரக்கு வரவே இல்லை" என்றார்கள்.

சரக்கு போனதற்கு ஆதாரம் வாட்ஸ்அப்பில் இருந்தது. "சரக்கு வந்துவிட்டது, பத்தாம் தேதி பணம் போடுகிறேன்" என்று அவரே எழுதியிருந்தார். ஆனால் அந்த போனைப் பழசுக்குப் புதுசு என்று கடையில் கொடுத்து மாற்றியாகிவிட்டது. பழைய செய்திகள் புதிய போனில் ஏறவில்லை. யாரோ எடுத்து வைத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சியது. அதை வண்ணத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனோம். வக்கீல் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன் இல்லை, சான்றிதழுக்கும் வழியில்லை. இதை வைத்து என்ன செய்வது?" என்றார். காசோலை கைவசம் இருந்தால் கடன் உண்டு என்றே நீதிமன்றம் ஊகம் கொள்ளும், அது நமக்குச் சாதகம்தான். ஆனால் அந்த ஊகத்தை உடைக்க எதிரிக்கு உரிமை உண்டு. இழுபறி வளர்ந்து, கடைசியில் 1,50,000 ரூபாய்க்குச் சமாதானம் பேசி முடித்தோம். மீதி போனது போனதுதான்.

அசலுக்கும் நகலுக்கும் உள்ள இந்த வித்தியாசம் கம்ப்யூட்டர் காலத்துப் புதுமை அன்று. கல்யாணப் பந்தலில் கிழவராய் வந்த இறைவன் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர் சபையில் சொன்னார். சபையார் அதை வாங்கிச் சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாகப் பெரிய புராணத்தில் படிக்கிறோம். அதே சுந்தரர் பின்னர் நம் திருவொற்றியூருக்கு வந்து, மகிழ மரத்தடியில் வாக்குக் கொடுத்துச் சங்கிலியாரை மணந்தவர். ஒற்றி என்றாலே அடமானம் என்று பொருள். ஊர்ப் பெயரிலேயே பத்திர வாசனை உள்ள நாம் மூல ஓலையைத் தொலைக்கலாமா?

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கணினி, கைப்பேசிப் பதிவுகளின் நகலைச் சாட்சியமாகக் கொடுப்பதானால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும் என்று 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதை உறுதி செய்து, அசல் கருவியையே உரியவர் சாட்சிக் கூண்டில் வந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்றும் விளக்கியது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. அதன் 63ஆம் பிரிவின்படி சான்றிதழில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்றைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் என்னும் எண்ணைக் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு கால் புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். மூட்டை வாயில் வைக்கும் அரக்கு முத்திரை போல என்று நினைத்துக் கொள்ளலாம். முத்திரை உடைந்திருந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதும் கணக்கும் கணக்குப் புத்தகம்தான் என்று புதிய சட்டத்தின் 28ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்று பழைய சட்டம் போலவே இதுவும் சொல்கிறது. "என் கணக்கில் உன் பெயரில் மூன்று லட்சம் நிற்கிறது" என்பது போதாது. சரக்கு இறங்கியதற்குக் கடைப் பையன் போட்ட கையெழுத்து, இ-வே பில், வங்கியில் வந்த பகுதிப் பணம் என்று வேறு ஏதாவது பக்கத்துணை வேண்டும்.

ஆகவே நம் மண்டியில் இப்போது கையாளும் முறையைச் சொல்கிறோம். ஆர்டர் எடுக்கும் போன் கடையின் பேரில் தனியாக இருக்கிறது. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. பாக்கி நிற்கும் வாடிக்கையாளரின் செய்திகளை யாரும் அழிப்பதில்லை. போன் பழுதானாலும் அதை விற்பதில்லை, பெட்டகத்தில் வைக்கிறோம். பெரிய பாக்கி என்றால் வழக்கு என்று போவதற்கு முன்பே வக்கீலைப் பார்த்துச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்துகொள்கிறோம். டெலிவரி சிட்டையில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தையும் விடவில்லை. "எல்லாம் போனில் வந்துவிட்டதே, இது எதற்கு?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். சிவில் வழக்கில் சரக்குப் பாக்கிக்கு மூன்று வருடம்தான் கெடு. அதை நீட்டிக்க வேண்டுமானால் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். அதற்கு வாட்ஸ்அப்பை நம்பி உட்கார வேண்டாம். மார்ச் மாதக் கணக்கு முடிவில் பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடவும்.

செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, செயற்கை அறிவுச் செயலியிடம் நோட்டீஸ் எழுதி வாங்கி அனுப்பும் இளைய வியாபாரிகளையும் பார்க்கிறோம். மொழி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023இல் நியூயார்க்கில் வக்கீல்கள் இப்படிப்பட்ட செயலி கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை மனுவில் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பெங்களூருவில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பர் இறுதியில் பிறப்பித்த ஓர் உத்தரவிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, சில நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. காசோலை நோட்டீஸில் தொகையோ தேதியோ ஒன்று தவறினால் வழக்கே விழுந்துவிடும். முதல் நகலைச் செயலியிடம் வாங்குவது அவரவர் விருப்பம். அதை வக்கீல் பார்க்காமல் தபாலில் சேர்க்க வேண்டாம்.

நமக்கு மிகவும் பொருத்தமான முயற்சி பக்கத்து மாநிலத்தில் நடந்து வருகிறது. கேரளத்தின் கொல்லத்தில் 138ஆம் பிரிவு வழக்குகளுக்கென்றே ஒரு மின்னணு நீதிமன்றம் 2024 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேர நீதிமன்றம் என்று பெயர். நீதிபதி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார் என்று பொருளன்று. கடை அடைத்த பிறகு இரவு பதினோரு மணிக்கும் புகாரைத் தாக்கல் செய்யலாம், கட்டணம் கட்டலாம். சம்மனும் மின்னணு வழியில் போகிறது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், காசோலை வழக்குகளில் சம்மனை மின்னணு வழியிலும் அனுப்பவும், எதிர்த்தரப்பு தொடக்கத்திலேயே இணைய வழியில் பணம் கட்டித் தீர்க்க வசதி செய்யவும் வழிகாட்டியிருக்கிறது.

எண்ணூரிலிருந்து இராயபுரம் வரை கடனுக்குச் சரக்குப் போடும் வியாபாரிகள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டியிருப்பதால்தான் இருபதாயிரம், முப்பதாயிரம் பாக்கியை நம்மவர்கள் கைகழுவுகிறார்கள். கொல்லத்தில் இருப்பது போன்ற ஒரு நீதிமன்றத்தை வடசென்னைக்கும் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு நம் சங்கத்தின் பெயரில் விண்ணப்பம் அனுப்பலாம் என்பது நம் யோசனை. அதற்கு ஆதாரமாக, நிலுவையில் உள்ள காசோலை வழக்குகளின் சி.என்.ஆர். எண்ணையும் எத்தனை வாய்தா ஆயிற்று என்பதையும் உறுப்பினர்கள் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த செயற்குழுவில் வைக்க வசதியாக இருக்கும்.