பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஸ்பிண்டில் செல்’ என்று இருக்கிறதா? பதற்றமும் வேண்டாம்... அலட்சியமும் வேண்டாம்!

தொடையிலோ, முதுகிலோ ஒரு கட்டி. டாக்டர் ஊசி மூலம் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். ரிப்போர்ட்டில் ‘ஸ்பிண்டில் செல் லீஷன்’ என்று வருகிறது. வீட்டில் ஒருவர் கூகுளில் தேட, ‘சார்கோமா’ என்ற புற்றுநோய்ப் பெயர் கண்ணில் படுகிறது. அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உண்மையில், ‘ஸ்பிண்டில் செல்’ என்பது நோயின் பெயரே அல்ல. மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்கள் எந்த வடிவத்தில் தெரிந்தன என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கதிர் போன்ற செல்கள்

நூல் நூற்கும் கதிர், நடுவில் சற்றுப் பருத்து இரு முனைகளிலும் கூராக இருக்கும். ஸ்பிண்டில் செல்லும் அப்படித்தான். காயத்தை ஆற்றித் தழும்பை உருவாக்கும் செல்கள், குடலையும் கர்ப்பப்பையையும் சுருங்கி விரியச் செய்யும் தசைச் செல்கள், நரம்புக்கு உறையாக இருக்கும் ஷ்வான் செல்கள் எல்லாம் இந்த வடிவம்தான். நம் எல்லோர் உடலிலும் இவை இருக்கின்றன.

எல்லாமே புற்றுநோயா?

இல்லை. பல பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை நார்க்கட்டியான ஃபைப்ராய்டுகூட இந்த வகைச் செல்களால் ஆனதுதான். நரம்பு உறையில் வரும் ஷ்வானோமாவும் பெரும்பாலும் சாதுவான கட்டியே. ‘நோடுலர் ஃபேசியைட்டிஸ்’ என்ற கட்டி சில வாரங்களிலேயே மளமளவென வளர்ந்து பயமுறுத்தும். பல சமயம் தானாகவே சுருங்கிவிடும்.

இன்னொரு பக்கம், லியோமயோ சார்கோமா, சைனோவியல் சார்கோமா போன்ற புற்றுநோய்களிலும் இதே வடிவச் செல்கள் உண்டு. வடிவத்தை மட்டும் வைத்து எது நல்லது, எது கெட்டது என்று முடிவு செய்ய முடியாது. அதனால்தான் ‘இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி’ என்ற அடுத்தகட்டப் பரிசோதனையை டாக்டர்கள் கேட்கிறார்கள். செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்பதை வைத்து, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று இதில் கண்டறிகிறார்கள். சிலருக்கு மரபணுப் பரிசோதனையும் தேவைப்படும்.

சரியான பெயர் தெரிந்தால்...

வயிற்றிலும் குடலிலும் வரும் ‘ஜிஸ்ட்’ கட்டி இதற்கு நல்ல உதாரணம். பெரும்பாலும் ஸ்பிண்டில் செல்களால் ஆன இதை, முன்பு தசைக்கட்டி என்றே நினைத்தார்கள். பரவிய நிலையில் கீமோதெரபி பெரிதாகப் பலன் தரவில்லை. 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ‘கிட்’ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாடினிப் மாத்திரை, 2000-ல் பின்லாந்தில் ஜிஸ்ட் பாதித்த ஒரு பெண்ணுக்குத் தரப்பட்டது, கட்டிகள் சுருங்கின. 2002-ல் அமெரிக்கா இந்தச் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. கட்டியின் சரியான பெயர் தெரிந்ததால்தான் சரியான மருந்தும் கிடைத்தது.

எப்போது உஷாராக வேண்டும்?

* கட்டி 5 செ.மீ-க்கு மேல் இருந்தால்
* தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருந்தால்
* தசைக்குள் ஆழமாக இருந்தால்
* வலி புதிதாக ஆரம்பித்தாலோ, அகற்றிய கட்டி மீண்டும் வந்தாலோ

வலி இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது. சார்கோமா பல நேரங்களில் வலிக்காமலேயே வளரும்.

அவசரப்பட்டு அகற்றலாமா?

சந்தேகத்துக்குரிய கட்டியை ‘கொழுப்புக் கட்டிதானே’ என்று ஸ்கேன், பயாப்சி இல்லாமல் எடுத்துவிடுவது ஆபத்து. அது சார்கோமாவாக இருந்தால் மிச்சம் உள்ளே தங்கிவிடலாம். மறுபடியும் பெரிய ஆபரேஷன் செய்ய நேரிடும். முதலில் எம்.ஆர்.ஐ, பிறகு பயாப்சி, அதன் பிறகே ஆபரேஷன் என்பதுதான் பாதுகாப்பான வரிசை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ‘இது எந்த வகைக் கட்டி? அதை உறுதிசெய்ய வேறு டெஸ்ட் தேவையா? புற்றுநோய் மருத்துவமனையில் இந்த பயாப்சி சாம்பிளை இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாமா?’ கூகுளை விட, இந்தக் கேள்விகளுக்கான பதில்களே உங்களுக்குச் சரியான வழியைக் காட்டும்.